இணையக் குழுக்களில் நிட்டிங், குரோஷே கற்றுக்கொள்வது: முழுமையான வழிகாட்டி

வீடியோ பார்த்து, இரண்டு ஊசிகளால் பின்னும் நிட்டிங்கோ ஒரே கொக்கி ஊசியால் பின்னும் குரோஷேயோ கற்றுக்கொள்கிறவர்கள் சீக்கிரமே ஒரு இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். திரையில் இருப்பவர் செய்வதைப் போலவேதான் செய்கிறோம், ஆனால் கையில் வருவது வேறாக இருக்கிறது. வீடியோவை எத்தனை தடவை திருப்பி ஓட்டினாலும் அது நம் பின்னலைப் பார்க்கப் போவதில்லை. பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் கையில் வாங்கிப் பார்த்து, "இதோ, இந்தக் கண்ணியை விட்டுட்டீங்க" என்று உடனே சொல்லிவிடுவார். அப்படி ஒருவர் பக்கத்தில் இல்லாதவர்களுக்கு இணையக் குழுக்கள் பெரிய வரம்.

குழுவில் இருப்பவர்களால் உங்கள் பின்னலைத் தொட்டுப் பார்க்க முடியாது. நீங்கள் போடும் படமும் எழுதும் நாலு வரியும்தான் அவர்களுக்குத் தெரியும். அதனால் குழுவில் வேகமாகக் கற்றுக்கொள்கிறவர்கள் யாரென்று பார்த்தால், தன் பின்னலைச் சரியாகக் காட்டத் தெரிந்தவர்களாக இருப்பார்கள். காட்டுவதற்காக அதை உற்றுப் பார்க்கப் பார்க்க, பின்னலைப் படிக்கவும் வந்துவிடும். இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

1. இரண்டு இடங்களில் சேருங்கள், போதும்

ஒன்று, பேட்டர்ன்களும் (ஒன்றைப் பின்னும் முறையை வரிவரியாகச் சொல்பவை) பின்னியவர்களின் குறிப்புகளும் சேர்ந்து கிடைக்கும் இடம். அதற்கு ராவெல்ரியை மிஞ்ச எதுவும் இல்லை என்பது என் எண்ணம். ஜெசிகா ஃபோர்ப்ஸ், கேசிடி ஃபோர்ப்ஸ் இருவரும் 2007இல் தொடங்கிய தளம் அது. கணக்குத் தொடங்கக் காசு வேண்டாம். பேட்டர்ன்களில் இலவசமும் உண்டு, விலைக்கும் உண்டு. நூலின் தடிமன், ஊசி அளவு, எத்தனை மீட்டர் நூல் தேவை என்று வடிகட்டித் தேடலாம். கையில் இருக்கும் நூலுக்கு ஏற்ற பேட்டர்னைத் தேட இது மிகவும் உதவும்.

அந்தத் தளத்தின் உண்மையான மதிப்பு பேட்டர்ன் பக்கத்தில் இருக்கும் புராஜெக்ட் பகுதியில் இருக்கிறது. அதே பேட்டர்னை மற்றவர்கள் வேறு நூலில், வேறு அளவில் பின்னிய படங்கள் அங்கே வரிசையாக இருக்கும். டிசைனரின் படத்தில் அழகாக விழும் கழுத்து, மற்றவர்களுக்கு எப்படி வந்தது, கை எங்கே இறுக்கியது, நூல் எங்கே பற்றாமல் போனது என்று எல்லாம் தெரியும். எந்த பேட்டர்னையும் தொடங்கும் முன் இந்தப் படங்களில் ஒரு இருபதையாவது பாருங்கள், குறிப்பு எழுதியவர்களின் பக்கங்களைத் திறந்து படியுங்கள்.

இன்னொன்று, சிக்கல் வரும்போது கேட்க ஒரு இடம். ரெடிட்டில் நிட்டிங்குக்கும் குரோஷேக்கும் தனித்தனிக் குழுக்கள் உண்டு. உதவி கேட்பதற்கென்றே தனியாகவும் உண்டு. அங்கே பழைய கேள்விகளைத் தேடிப் படிக்க முடிவது பெரிய வசதி. ஃபேஸ்புக் குழுக்களில் ஆட்கள் அதிகம், ஆனால் நேற்றைய பதிவே அடியில் போய்விடும். டிஸ்கார்டும் வாட்ஸ்அப்பும் கூடவே உட்கார்ந்து பேசிக்கொண்டு பின்னுவதற்கு நல்லவை. தொடக்கத்தில் பத்து குழுக்களில் சேர்ந்தால் படம் பார்ப்பதிலேயே பொழுது போய்விடும், ஊசியைக் கையில் எடுக்க நேரம் இருக்காது.

2. கேட்கும் முன் அவர்கள் பேச்சைப் பழகிக்கொள்ளுங்கள்

குழுவின் விதிகளையும், மேலே நிரந்தரமாக வைத்திருக்கும் பதிவுகளையும் முதலில் படித்துவிடுங்கள். தொடக்கநிலைக் கேள்விகளில் பாதிக்கு அங்கேயே பதில் இருக்கும்.

அப்புறம் சுருக்கெழுத்துகள். டபிள்யூஐபி என்றால் இப்போது ஊசியில் இருக்கும் வேலை. எஃப்ஓ என்றால் முடிந்தது. யூஎஃப்ஓ என்றால் பாதியில் விட்டுத் தூங்குவது. ஃப்ராக் என்றால் ஊசியை உருவிவிட்டு மொத்தமாகப் பிரிப்பது, டிங்க் என்றால் கண்ணி கண்ணியாகப் பின்னோக்கிப் பிரிப்பது. ஸ்டாஷ் என்பது வாங்கிச் சேர்த்துவைத்த நூல். கேஏஎல், சிஏஎல் என்பவை பலர் ஒரே பேட்டர்னை ஒரே சமயத்தில் பின்னும் கூட்டு முயற்சிகள், முதலாவது நிட்டிங்குக்கு, இரண்டாவது குரோஷேக்கு. இவ்வளவு தெரிந்தால் ஆரம்பிக்கலாம்.

3. எந்த நாட்டு வழக்கு என்று பாருங்கள்

குழுக்களில் உலகம் முழுக்க ஆட்கள் இருப்பதால் வரும் குழப்பம் இது. குரோஷேயில் இதைக் கவனிக்காவிட்டால் முழு வேலையும் வீண்.

அமெரிக்க பேட்டர்னில் எஸ்சி (சிங்கிள் குரோஷே) என்று எழுதுவதை பிரிட்டிஷ் பேட்டர்னில் டிசி (டபுள் குரோஷே) என்று எழுதுவார்கள். அமெரிக்க டிசி, பிரிட்டனில் டிஆர் (ட்ரெபிள்). அமெரிக்க எச்டிசி (ஹாஃப் டபுள்), பிரிட்டனில் எச்டிஆர் (ஹாஃப் ட்ரெபிள்). அதாவது டிசி என்று போட்டிருந்தால் அது குட்டைக் கண்ணியாகவும் இருக்கலாம், உயரக் கண்ணியாகவும் இருக்கலாம். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. பேட்டர்னில் எங்காவது எஸ்சி வந்தால் அது அமெரிக்க வழக்கு, ஏனென்றால் இன்றைய பிரிட்டிஷ் வழக்கில் சிங்கிள் குரோஷே என்ற பெயரே கிடையாது.

ஊசி எண்ணிலும் இதே கதை. 8ஆம் எண் நிட்டிங் ஊசி என்றால் அமெரிக்காவில் 5 மில்லிமீட்டர், பழைய பிரிட்டிஷ் கணக்கில் 4 மில்லிமீட்டர். எண்ணை விட்டுவிட்டு எப்போதும் மில்லிமீட்டரில் எழுதுங்கள். யாருக்கும் சந்தேகம் வராது.

நூலின் தடிமனை அமெரிக்காவின் கிராஃப்ட் யார்ன் கவுன்சில் 0 முதல் 7 வரை வகைப்படுத்தியிருக்கிறது. 0 மெல்லிய லேஸ் நூல், 3 சற்று மெல்லிய டிகே, 4 நடுத்தரமான வொர்ஸ்டெட், 7 மிகத் தடிமனானது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்காரர்கள் ப்ளை கணக்கில் சொல்வார்கள். அங்கே 8 ப்ளை என்பது டிகே. 4 ப்ளை என்பது மெல்லிய சாக்ஸ் நூல், கவுன்சில் கணக்கில் அது 1ஆம் வகை. "4 நூல்" என்று மொட்டையாகச் சொன்னால் ஒருவர் சாக்ஸ் நூலை நினைப்பார், இன்னொருவர் அதைவிட மிகத் தடிமனான வொர்ஸ்டெட்டை நினைப்பார்.

ஆங்கில வரிகளோடு மல்லுக்கட்டப் பிடிக்காதவர்கள் சார்ட் (கண்ணிகளைக் குறியீடுகளாகக் காட்டும் வரைபடம்) படிக்கப் பழகலாம். ஜப்பானிய பேட்டர்ன்களில் பெரும்பாலும் படக் குறியீடுகள்தான், அந்தக் குறியீடுகளுக்கு அந்நாட்டில் தரநிலையே இருக்கிறது. முன்னும் பின்னும் திருப்பிப் பின்னும் நிட்டிங் சார்ட்டில் நல்ல பக்க (வெளியே தெரியும் பக்க) வரிசையை வலமிருந்து இடமாகவும், பின்பக்க வரிசையை இடமிருந்து வலமாகவும் படிக்க வேண்டும். சுற்றாகப் பின்னினால் எல்லா வரிசையும் வலமிருந்து இடம்.

4. படம் எடுப்பது

பின்னலை மேசையில் தட்டையாக வையுங்கள், சுருட்டிக்கொண்டால் விளிம்பில் குண்டூசி குத்துங்கள். ஜன்னலோரப் பகல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். கருப்பு நூல் என்றால் அடியில் வெள்ளைத் துணி விரியுங்கள்.

மூன்று படம் வேண்டும். முழுதும் தெரிய ஒன்று, சிக்கல் உள்ள இடம் கிட்டத்தில் ஒன்று, பின்பக்கம் ஒன்று. பின்பக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அனுபவசாலிகள் முதலில் கேட்பதே அதைத்தான். சிக்கல் தொடங்கும் இடத்தில் வேறு நிற நூலில் ஒரு முடிச்சைச் செருகிவிட்டுப் படம் எடுத்தால் "எந்த இடம்?" என்ற கேள்வியே வராது.

கை அசைவில் தவறு இருக்கும் என்று சந்தேகமா? அப்போது பத்து நொடி வீடியோ எடுங்கள். நூலை ஊசியில் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறீர்கள் என்பது நிழற்படத்தில் தெரியாது. இடதுகைக்காரர் என்றால் அதையும் கட்டாயம் எழுதுங்கள், திசை எல்லாமே மாறும்.

5. முதலில் நீங்களே படித்துப் பாருங்கள்

தொடக்கக்காரர்களின் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒரு சில இடங்களைத்தான் சுற்றி வரும். உங்களுடையது அவற்றில் ஒன்றா என்று பாருங்கள்.

*நிட்டிங்கில் முறுக்கிய கண்ணி.* சாதாரண ஸ்டாக்கினெட் பின்னலின் (ஒரு வரிசை நிட் என்ற நேர்க் கண்ணி, அடுத்த வரிசை பர்ல் என்ற எதிர்க் கண்ணி) நல்ல பக்கத்தில் ஒவ்வொரு கண்ணியும் ஆங்கில வி போல இருக்கும். அந்த வி-யின் இரண்டு கால்களும் அடியில் ஒன்றையொன்று குறுக்காகத் தாண்டியிருந்தால் கண்ணி முறுக்கிவிட்டது என்று பொருள். எல்லா வரிசையும் இப்படியா, ஒன்று விட்டு ஒன்றா என்று எண்ணுங்கள். ஒன்று விட்டு ஒரு வரிசை முறுக்கியிருந்தால் பெரும்பாலும் பர்ல் போடும்போது நூலை எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறீர்கள். அடுத்த வரிசையில் அந்தக் கண்ணி ஊசியில் திரும்பி உட்கார்ந்திருக்கும், வழக்கம்போல முன்காலில் குத்தி எடுத்தால் முறுக்கிக்கொள்ளும். சுற்றும் திசையை மாற்றினால் சரி. சுற்றாகப் பின்னுவதில் எல்லா வரிசையும் முறுக்கியிருந்தால், நிட் போடும்போது கண்ணியின் பின்காலில் குத்துகிறீர்களா என்று பாருங்கள்.

*குரோஷேயில் அகலம் குறைந்துகொண்டே போவது.* ஸ்கார்ஃப் மெல்ல முக்கோணமாகிறது என்றால் வரிசைக் கடைசிக் கண்ணியை விடுகிறீர்கள். அமெரிக்க டிசி வரிசையின் தொடக்கத்தில் போடும் 3 செயினை (சங்கிலிக் கண்ணியை) வழக்கமாக ஒரு கண்ணியாகவே கணக்கில் கொள்வார்கள். திரும்பி வரும்போது அதன் தலையிலும் ஒன்று போட வேண்டும். பார்வைக்கு அது கண்ணி போலவே இருக்காது, அதனால் தவறிவிடும். எஸ்சி வரிசையில் போடும் 1 செயின் வழக்கமாகக் கணக்கில் வராது. முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் மார்க்கர் (அடையாள வளையம்) மாட்டுங்கள், வரிசைக்கு ஒரு தடவை எண்ணுங்கள். இரண்டே நாளில் கண்ணுக்குப் பழகிவிடும்.

*வட்டம் தட்டையாக வராதது.* எஸ்சியில் 6 கண்ணியில் தொடங்கி, சுற்றுக்கு 6 கூட்டினால் 12, 18, 24 என்று போய் ஏறக்குறைய தட்டையாக நிற்கும். டிசி என்றால் வழக்கமாக 12இல் தொடங்கிச் சுற்றுக்கு 12. கூட்டுவது குறைந்தால் கிண்ணம் போலக் குழியும், அதிகமானால் விளிம்பு அலை அலையாக நெளியும்.

இந்த நெளிவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. கார்னெல் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் டைனா டைமினா 1997இல், ஒரே விகிதத்தில் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போய் ஹைப்பர்போலிக் தளத்தைக் (எங்கும் குதிரைச் சேணம் போல வளையும் கணித வடிவத்தை) குரோஷேயில் செய்து காட்டினார். கையில் எடுத்து மடித்துப் பார்க்கும்படி அந்த வடிவம் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு மார்கரெட் வெர்தைம், கிறிஸ்டின் வெர்தைம் சகோதரிகள் 2005இல் குரோஷே பவளப்பாறை ஒன்றைத் தொடங்கினார்கள். பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பின்னி அது வளர்ந்தது. தட்டையாக வரவில்லையே என்று நாம் பிரித்துப்போடும் அதே நெளிவுதான்.

*பொம்மை உள்வெளியாக இருப்பது.* அமிகுருமி என்ற குட்டிப் பொம்மைகள் பின்னுகிறவர்கள் இதைக் கவனிக்காமலே பாதி பொம்மை முடித்துவிடுவார்கள். நல்ல பக்கத்தில் கண்ணிகள் வி வடிவில் அடுக்கடுக்காகத் தெரியும். பின்பக்கத்தில் அவற்றோடு சின்னச் சின்னப் படுக்கைக் கோடுகளும் தெரியும். கோடுகள் வெளியே தெரிந்தால் பிரிக்கத் தேவையில்லை, அப்படியே உள்ளே வெளியே திருப்பிக்கொண்டு தொடருங்கள்.

6. கேள்வியை எழுதுவது

"எனக்கு சரியாவே வரல, ஹெல்ப் பண்ணுங்க" என்ற பதிவுக்கு அன்பான ஆறுதல்கள் வரும், பதில் வராது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"குரோஷே, வலதுகை. டிகே நூல், அக்ரிலிக், 4 மில்லிமீட்டர் ஊசி. பேட்டர்ன் அமெரிக்க வழக்கு, இணைப்பு கீழே. 5ஆம் வரிசைவரை 30 டிசி இருந்தது. 9ஆம் வரிசையில் 27தான் இருக்கிறது. சிவப்பு நூல் கட்டியிருப்பது 6ஆம் வரிசை. முன்பக்கம், பின்பக்கம், இடது ஓரம் கிட்டத்தில், மூன்று படம் போட்டிருக்கிறேன். ஓரத்தில்தான் விடுகிறேனா, நடுவிலா?"

நூல், ஊசி, பேட்டர்ன், எண்ணிக்கை, எங்கே தொடங்கியது, என்ன தெரிய வேண்டும், எல்லாம் இதில் இருக்கிறது. இதை எழுத உட்காரும்போதே பலருக்கு விடை தெரிந்துவிடும். 6ஆம் வரிசையை எண்ணிப் பார்க்கிற அந்த நேரத்தில் கண் ஓரத்துக்குப் போய்விடும்.

ஆங்கிலம் சரளமாக வராதே என்று தயங்க வேண்டாம். குழுக்களில் பலருக்கும் ஆங்கிலம் இரண்டாவது மொழிதான். எண்ணும் படமும் தெளிவாக இருந்தால் மொழி அரைகுறையாக இருந்தாலும் ஓடிவிடும்.

7. அளவு பற்றிய கேள்வி என்றால்

ஸ்வெட்டர் பெரிதாக வந்துவிட்டது, சிறிதாக வந்துவிட்டது என்று கேட்டால் உடனே வரும் எதிர்க்கேள்வி, "கேஜ் என்ன?" என்பதுதான். 10 சென்டிமீட்டரில் எத்தனை கண்ணி என்பதுதான் கேஜ். பேட்டர்னில் 22 என்று போட்டிருக்கிறது, உங்களுக்கு 20 வருகிறது என்று வையுங்கள். இரண்டுதானே என்று தோன்றும். மார்புச் சுற்றுக்கு 220 கண்ணி என்றால், பேட்டர்ன்படி 100 சென்டிமீட்டர் வர வேண்டியது உங்களுக்கு 110 வரும்.

15 சென்டிமீட்டராவது அகலமாக ஒரு மாதிரித் துண்டு பின்னி, ஆடையை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்து, காயவைத்து, நடுவில் 10 சென்டிமீட்டரை அளந்து எண்ணுங்கள். ஓரத்தில் எண்ண வேண்டாம். சூப்பர்வாஷ் கம்பளி (இயந்திரத்தில் துவைக்கும்படி பதப்படுத்தியது) நனைந்ததும் தளர்ந்து நீளும் என்பதால் துவைக்காமல் எண்ணுவதில் பயனில்லை. கண்ணி குறைவாக வந்தால் சின்ன ஊசி, அதிகமாக வந்தால் பெரிய ஊசி.

8. பதில்கள் முரண்பட்டால்

ஒரே கேள்விக்கு மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள். உங்கள் படத்தில் உள்ள எதையாவது சுட்டிக்காட்டி விளக்குகிறவரை முதலில் கேளுங்கள். "எனக்கு எப்பவும் இப்படித்தான் வரும்" என்பது அனுபவம்தான், உங்கள் பின்னலுக்குப் பொருந்த வேண்டும் என்றில்லை. சந்தேகமாக இருந்தால் மிச்ச நூலில் சின்னதாகப் பின்னி இரண்டு வழியையும் சோதித்துவிடுங்கள். பேட்டர்னிலேயே பிழை இருக்கலாம் என்று யாராவது சொன்னால், டிசைனரின் பக்கத்தில் திருத்தப் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரியானதும் அதே இடத்தில் வந்து "இதுதான் காரணம், இப்போது இப்படி வருகிறது" என்று படத்தோடு எழுதுங்கள். அடுத்து அதே சிக்கலில் தேடி வருகிறவருக்கு உங்கள் பதிவே விடையாக இருக்கும்.

9. கூட்டுப் பின்னலும் டெஸ்ட் பின்னலும்

ஒன்றிரண்டு வேலை முடித்ததும் ஒரு கேஏஎல்லில் சேருங்கள். எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பதால், நீங்கள் நாளை தடுமாறப்போகும் வரிசையில் யாராவது இன்றே தடுமாறிக் கேட்டிருப்பார்கள். கடைசியில் என்ன வரும் என்று தெரியாமலே பகுதி பகுதியாகப் பின்னும் மர்ம வகையும் உண்டு. டிசைனர் ஸ்டீபன் வெஸ்ட் ஆண்டுதோறும் நடத்தும் சால்வை இதற்குப் பேர்போனது. ஆனால் விலை உயர்ந்த நூலை அதில் இறக்கும் முன், முடிவு பிடிக்காமலும் போகலாம் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் பின்னலில் டிசைனர் வெளியிடாத பேட்டர்னைத் தருவார். நீங்கள் குறித்த தேதிக்குள் பின்னி, எவ்வளவு நூல் ஆனது, எந்த வரி புரியவில்லை, எங்கே எண்ணிக்கை உதைத்தது என்று எழுதித் தர வேண்டும். நூல் பெரும்பாலும் உங்கள் செலவு. ஒப்புக்கொண்டால் முடித்துக் கொடுங்கள், உங்கள் அளவை நம்பி ஒருவர் காத்திருப்பார்.

தானத்துக்குப் பின்னும் குழுக்களும் நிறைய. அங்கே நம் ரசனை இரண்டாம்பட்சம், அவர்கள் சொல்லும் நூலும் அளவும்தான் முக்கியம். வார்ம் அப் அமெரிக்கா என்ற அமைப்பு 7க்கு 9 அங்குலத் துண்டுகளைக் கேட்டு வாங்கி, போர்வையாக இணைக்கிறது. 7க்கு 8 அனுப்பினால் இணைப்பவருக்குத்தான் கஷ்டம்.

10. பேட்டர்னைப் பகிர்வதும் போலிகளும்

காசு கொடுத்து வாங்கிய பேட்டர்னின் பிடிஎஃப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள், கேட்கவும் கேட்காதீர்கள். அதை எழுதி, எல்லா அளவுக்கும் கணக்குப் போட்டு, சோதித்துத் தந்தவரின் உழைப்பு அது. இலவச பேட்டர்ன் என்றாலும் நகல் வேண்டாம், இணைப்பைக் கொடுங்கள். கேள்வி கேட்கும்போது சிக்கலான ஒரு வரியைக் காட்டினால் போதும், முழுப் பக்கத்தையும் படம் எடுத்துப் போட வேண்டாம்.

இப்போது செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய குரோஷே படங்களைக் காட்டி பேட்டர்ன் விற்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கி ஒரு வரிசையை விரலால் பின்தொடர்ந்து பாருங்கள். பாதி வழியில் வரிசை காணாமல் போனாலோ, கண்ணிகள் ரோமம் போல உருகி ஒன்றோடொன்று கலந்தாலோ அதை யாரும் பின்னவில்லை. கேஜ், ஊசி அளவு, நூல் அளவு எதுவும் சொல்லாமல், வேறு ஒருவரும் பின்னிய படமே இல்லாமல் இருந்தால் வாங்காதீர்கள். தனிச்செய்தியில் வந்து பேட்டர்ன் தருகிறேன், ஆர்டர் தருகிறேன் என்று பணமோ வங்கி விவரமோ கேட்பவர்களுக்குப் பதில் சொல்லவே வேண்டாம்.

11. நீங்கள் பதில் சொல்லத் தொடங்குங்கள்

கைதேர்ந்த பிறகுதான் பதில் சொல்ல வேண்டும் என்றில்லை. முறுக்கிய கண்ணியில் போன மாதம் அவதிப்பட்டவர், இன்று அதே அவதியில் இருப்பவருக்கு நன்றாகவே விளக்குவார்.

படத்தில் என்ன தெரிகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்: "மூன்றாவது வரிசையில், இடமிருந்து நாலாவது கண்ணியின் கால்கள் குறுக்காக இருக்கின்றன." அப்புறம் காரணம், அப்புறம் வழி. எடுத்த எடுப்பில் பிரிக்கச் சொல்லாதீர்கள். நிட்டிங்கில் ஒரே ஒரு கண்ணிதான் தவறு என்றால், அந்த நெடுவரிசையை மட்டும் தவறு உள்ள இடம்வரை நழுவவிட்டு, குரோஷே ஊசியால் படிப்படியாக மேலே ஏற்றிவிடலாம். இதைத் தெரியாமல் முழு ஸ்வெட்டரையும் பிரித்தவர்கள் இருக்கிறார்கள். குரோஷேயில் இந்த வசதி கிடையாது, தவறு உள்ள வரிசைவரை பிரித்துத்தான் ஆக வேண்டும். அதனால் அங்கே முதலில், அதற்குமேல் எத்தனை வரிசை போயிருக்கிறது என்று கேளுங்கள். விட்டது ஓரத்தில் ஒரே ஒரு கண்ணி என்றால், அடுத்த வரிசை ஓரத்தில் ஒன்று கூட்டி எண்ணிக்கையைச் சரிசெய்துகொள்ளலாம் என்பதையும் சொல்லுங்கள். பிரிப்பதா வேண்டாமா என்று பின்னுகிறவரே முடிவு செய்யட்டும்.